நிலை மாற்றிக்கொண்டது

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ வலியைக் குறைத்துத்தான் சொல்வாய். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

உன் பிள்ளை, நம் ஒல்லி, படையோடு ஏழாவது மேட்டில் இருந்தான் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ‘ஏழாவது மேட்டுல இருந்த படை நிலை மாத்திக்கிச்சுன்னு உங்க டிவியிலயே சொன்னாங்கக்கா. அப்போ ஊருக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருப்பான்ல?’ என்று கேட்டிருக்கிறாய். அவனுடைய கம்பளிச் சட்டையைத் துவைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாய். புது முகவரியை மட்டும் நான் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்கிறாய்.

அந்த வரியை எழுதியது நான்தான்.

எங்கள் செய்தி அறை எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சண்டை தொடங்கிய வாரம் அரங்கின் நடுவே மணல் கொட்டி மலை செய்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தினமும் வந்து குச்சியால் பொம்மை டாங்கிகளை நகர்த்துகிறார். ஒப்பனைக்காரர் அவருடைய வழுக்கையில் பவுடர் ஒற்றிக்கொண்டே, ‘இன்னிக்கு எத்தனை ஊரு பிடிக்கப் போறீங்க சார்?’ என்று கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். எப்போதோ நடந்த போர் ஒத்திகையின் படத்தைப் போட்டு, நேற்றைய தாக்குதல் என்றார்கள். நான் மறுத்துச் சொன்னேன். ‘அக்காவுக்கு எதுலயும் சந்தேகம்தான், சாப்பாட்டுல உப்பு இருக்குன்னா ஆதாரம் கேப்பாங்க’ என்றான் படத்தொகுப்பாளன். படம் ஒளிபரப்பாயிற்று.

‘பின்வாங்கியது’ என்று எழுதக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ‘வெற்றிகரமாகப் புதிய வியூகம் அமைத்தது’ என்று போடச் சொன்னார் செய்தி ஆசிரியர். ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டி, ‘நிலை மாற்றிக்கொண்டது’ என்பதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ‘இதுக்குத்தான்மா படிச்சவங்க வேணுங்கறது’ என்றார். பொய்யில்லாத சொல் ஒன்றைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது. அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டே வாரத்தில், படை ஓடினாலும் அதே சொல், சிதறினாலும் அதே சொல் என்றாகிவிட்டது.

போன திங்கட்கிழமை மதியம் எல்லையிலிருந்து எங்கள் நிருபர் பேசினார். ‘ஏழாவது மேட்டுலேருந்து ரெண்டு நாளா வயர்லெஸ்ல பதிலே இல்லக்கா. இங்கேருந்து பார்த்தா புகைதான் தெரியுது. யாரும் இறங்கி வரல’ என்றார். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தேன். ஆசிரியர் அன்று விடுப்பு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கை தானாக அந்தச் சொல்லைப் போட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, அனுப்பிவிட்டு எழுந்து போனேன்.

இதைச் சொல்லத்தான் நேற்று உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்று எங்கள் செய்தியில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. பொட்டலத்தை அனுப்பாதே, அனுப்ப முகவரி இல்லை. படை அலுவலகத்தில் அவன் எண்ணைச் சொல்லி விசாரிக்க வேண்டும். ‘எங்க போனாங்க’ என்று கேட்டால் ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘கடைசியா அவன்கிட்ட யாரு பேசுனது, என்னைக்கு’ என்று கேட்க வேண்டும். பதிலை எழுதி வாங்க வேண்டும்.

தனியாகப் போகாதே. வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்பாய். இன்னும் இல்லை. விட்டாலும் அந்த நாற்காலி அரை நாள்கூடக் காலியாக இருக்காது.

‘பெரியம்மா எழுதற செய்தியை மட்டும் நம்பும்மா’ என்று அவன் சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருந்தாய். அந்த இடத்துக்கு மேல் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

உனக்கு என் மீது கோபம் வரும். வரட்டும். திட்டு, முகம் பார்க்காமல் இரு, எதுவானாலும் சரி. வியாழக்கிழமை நான் வந்து தட்டும்போது கதவை மட்டும் திற.

உன் அக்கா