மடங்காத மோதிர விரல்

ஏப்ரல் 12, 1988 – செவ்வாய்

லிட்டில் ராக் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறோம். எஞ்சின் எண்ணெய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று வண்டிக்கடியில் போன லெமுவேல் இன்னும் வரவில்லை. இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிகிறது. குறட்டைச் சத்தம் கேட்கிறது. டிரம் வாசிக்கிறவனுக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். பேஸ் கிட்டார் வாசிக்கும் டெவிட் பின் சீட்டில் சோளரொட்டியும் வறுத்த கெளுத்தியும் தின்றுகொண்டிருக்கிறான். வண்டி முழுக்க மீன் வாசம்.

நேற்று மேடையில் அறிவிப்பாளர் என்னை "எழுபது வயதிலும் சளைக்காத வெர்லீன் ஸ்டோக்ஸ்" என்றார். மைக்கை வாங்கி, "அறுபத்தாறு தம்பி, நாலு வருஷத்தைத் திருப்பிக் குடு" என்றேன். கூட்டம் சிரித்து அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு நான் கிட்டாரில் என்ன வாசித்தாலும் கைதட்டினார்கள்.

ஏப்ரல் 16

செயின்ட் லூயிஸ். மழை. நல்ல கூட்டம். முட்டி வலி.

ஏப்ரல் 23 – சனி

இடது கையால் எழுதவில்லை, அதனால் எழுத முடிகிறது. பியோரியாவில் மத்தியானம் சாமான் இறக்கும்போது வண்டிக் கதவு என் இடது கை மோதிர விரல் மேல் சாத்திக்கொண்டது. சாத்தியது லெமுவேல்.

"அக்கா, நீங்க கையை எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா!"

வலியில் அவனை என்னென்னவோ திட்டினேன். ஆஸ்பத்திரியில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் அழுதான். நர்ஸ் வந்து, "அடிபட்டது உங்களுக்கா, இவருக்கா?" என்று கேட்டாள்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. நரம்போ என்னவோ அதுவும் அறுந்திருக்கிறது. மீதி ஊர்க் கச்சேரிகளையெல்லாம் ரத்து செய்தாகிவிட்டது. பிரசவத்துக்குக்கூட பன்னிரண்டு நாள்தான் லீவு எடுத்தவள் நான்.

மே 10

மெம்பிஸில் மகள் ரெனெட்டாவின் வீடு. கட்டுப் போட்ட கையோடு சோபாவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளே போரடித்துவிட்டது.

ரெனெட்டா சொல்கிறாள்: "ஊர் ஊரா அலைஞ்சது போதும்மா. கடவுளே பாத்து ஒரு பிரேக் போட்டிருக்காரு."

"கடவுள் போடலைடி. லெமுவேல் போட்டான்."

ஜூன் 7 – செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். விரல் குச்சி மாதிரி நிற்கிறது. நடு மூட்டு மடங்கவே இல்லை. டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். இனி இப்படித்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரை எடுத்தேன். என் வாசிப்பே அந்த விரலில்தானே இருந்தது? அதை மடக்கிக் கம்பியை அழுத்தி மேலே தள்ளினால் அது அழும், கெஞ்சும், சிரிக்கும். இப்போது? குச்சி. கம்பியில் பட்டு டொக் என்கிறது. இன்னொரு தடவை. டொக். என்னடா இது. நாற்பத்திரண்டு வருஷம்டா.

ஜூன் 9

கிட்டார் பக்கம் போகவில்லை. ரெனெட்டா வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். துவைக்கத் தேவையில்லாததையும்.

ஜூன் 14 – செவ்வாய்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஹோசியா பெட்வேயின் பழைய பாட்டு ஒன்று. அந்த ஆள் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பி மேல் வழுக்கவிட்டு வாசிப்பவன். இருபத்தைந்து வருஷமாக மேடைக்கு மேடை, "பூனை வாலை மிதிச்ச மாதிரி ஒரு வாசிப்பு" என்று நான் கேலி செய்வேன். அவன், "வெர்லீன் வாசிக்கிறப்ப கிட்டாருக்கு மூச்சு முட்டுது, யாராவது காப்பாத்துங்க" என்பான்.

எங்கள் சண்டை தொடங்கியது 1963-இல், ரோஸ்டேலில். ஒரு கிட்டார் போட்டி, பரிசு ஒரு பன்றிக்குட்டி. பன்றி எனக்கு வந்தது. நடுவர் என் சித்தப்பா என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். (சித்தப்பாதான். அது வேறு விஷயம்.)

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சோப்புத் தண்ணீரிலிருந்து கையை எடுத்தேன். விரல் விறைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது. குழாய் மாட்டுகிறவர்களுக்கு விரல் எப்படி இருக்க வேண்டும்? நேராக. மடங்காமல்.

ஐயோ. அவனிடமா போய் நிற்க வேண்டும்?

ஜூன் 18 – சனி

போய் நின்றேன்.

பெல்சோனியில் பருத்திக்காட்டை ஒட்டி அவன் வீடு. லெமுவேல் கொண்டுபோய் விட்டான். இரண்டு வருஷமாக ஹோசியா எங்கும் வாசிக்கப் போவதில்லை, சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டான் என எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் படியேறி வாய் திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"யோவ் ஹோசியா."

"அடேயப்பா! பன்னி திருடி வந்திருக்காளே!"

விரலைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையை வாங்கி ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தான். பிறகுதான் குறும்பு வந்தது.

"சொல்லித் தரேன். ஆனா அந்தப் பன்னிக்குட்டி எனக்குச் சேர வேண்டியதுன்னு நீ ஊரறியச் சொல்லணும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப தினம் மத்தியானம் நீ சமைக்கணும்."

அதற்கு ஒப்புக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் என் சித்தி மகள் வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 22

பூனை. நானேதான் இப்போது பூனை வாலை மிதிக்கிறேன்.

குழாயை அழுத்தக் கூடாதாம். மேலே வைத்தால் போதுமாம். "வெர்லீன், அது கம்பி, உன் புருஷன் கழுத்து இல்ல" என்கிறான்.

ஜூன் 30 – வியாழன்

ஒரு விஷயம் கவனித்தேன். காபி ஊற்றும்போது அவன் கோப்பைக்குள் ஒரு விரலை விட்டுக்கொள்கிறான். விரலில் சூடு பட்டதும் நிறுத்துகிறான். இன்று கடிதம் ஒன்று வந்தது. கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன், படித்துச் சொல் என்றான். கண்ணாடி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"என்னது எவ்வளவு நாளா?"

"யோவ்."

கொஞ்ச நேரம் குழாயை உருட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷம். நடுவுல ஒண்ணும் தெரியல, ஓரத்துல தெரியுது. உன்னை முழுசாப் பாக்க முடியல. நல்லவேளை."

சலிப்பும் இல்லை ஒன்றும் இல்லை. வண்டி ஓட்ட முடியாமல்தான் நிறுத்தியிருக்கிறான். "கண்ணு போச்சுன்னு சொன்னா பாவம்னு பாப்பாங்க. போரடிச்சிடுச்சுன்னு சொன்னா திமிரு பிடிச்சவன்னு பாப்பாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பழக்கம்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். வரும் வழியில் எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. இருக்கட்டும்.

ஜூலை 11

நூறு டிகிரிக்கு மேல் வெயில். பீன்ஸும் பன்றிக்காலும் வைத்தேன். "பன்னியைப் பத்தி உனக்கு நல்லாத் தெரியும்" என்று மூன்று தட்டு சாப்பிட்டான். இன்று ஒரே ஒரு சுரம், நான் தேடிய இடத்தில் போய் நின்றது. இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடும் என்பதுபோல.

ஆகஸ்ட் 6 – சனி

ஹாலண்டேல் பிக்னிக். விரல் போன பிறகு முதல் முறை மேடை ஏறினேன். மோசம்.

ஒரு தப்பும் இல்லை, அதுதான் மோசம். நல்ல பிள்ளை மாதிரி வாசித்தேன். ஜனங்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். மரியாதையாக! எனக்கு! தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர்கூடக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. லெமுவேல், "சூப்பர் அக்கா" என்றான். அவன் பொய் சொன்னால் காது சிவக்கும்.

ரெனெட்டா சொன்னது சரிதானோ? திரைச்சீலை துவைத்துக்கொண்டு கிடக்கலாமோ? அக்டோபரில் ஹெலினா இசைத் திருவிழாவுக்கு வேறு ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆற்றங்கரை மேட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

ஆகஸ்ட் 8 – திங்கள்

பிக்னிக்கைப் பற்றி ஹோசியாவிடம் சொன்னேன். வாசி பார்ப்போம் என்றான். வாசித்தேன். முடிந்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இது யாரு?"

"நான்தான்."

"இல்ல. இது நான். அதுவும் காய்ச்சல்ல படுத்திருக்கிற நான். என்னை மாதிரி வாசிக்க நான் ஒருத்தன் போதும். உனக்கு மீதி மூணு விரல் இருக்கே, அதுக்கெல்லாம் லீவு குடுத்துட்டியா?"

"நீதானே இப்படி வாசிக்கச் சொன்னே?"

"குழாயைப் பிடிக்கத்தான் சொன்னேன். பேசுறது நீ பேசணும்ல? கிட்டாரை உன் பழைய சுருதியிலேயே வை. மத்த விரலு எப்பவும் போடுற சண்டையைப் போடட்டும். நடுவுல இது ஓடிவந்து அழட்டும்."

வைத்தேன். முதல் பத்து தடவை குழாய் மற்ற விரல்களோடு முட்டிக்கொண்டது. பதினொன்றாவது தடவை, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் கைதான், ஆனால் நான் கேட்டே இராத ஒரு சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கிற மாதிரி. நிறுத்தத் தோன்றவில்லை. நிறுத்தியபோது அடுப்பில் கீரை தீய்ந்து வீடெல்லாம் புகை.

ஹோசியா புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். "சாப்பாடு போச்சு. பரவாயில்ல" என்றான். அவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை வந்ததில்லை.

செப்டம்பர் 19

லெமுவேலும் டெவிட்டும் பெல்சோனிக்கே வந்துவிட்டார்கள். ஒத்திகை. இந்தத் தடவை லெமுவேல் காது சிவக்கவில்லை. வாயைத் திறந்தபடி ஒரு தாளத்தையே விட்டுவிட்டான்.

ஹோசியாவிடம், "ஹெலினாவுக்கு நீயும் வா" என்றேன்.

"எனக்குப் போரடிக்கும்."

"கதவை லெமுவேல் சாத்த மாட்டான். நான் பாத்துக்கறேன்."

அக்டோபர் 8 – சனி

ஹெலினா. மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில், ஆற்றிலிருந்து காற்று. மேடு முழுக்க ஜனங்கள், குடைகள், நாற்காலிகள், கோழி வறுக்கும் புகை. ரெனெட்டாவும் வந்திருந்தாள், கையில் என் முட்டி வலித் தைலத்தோடு.

முதல் பாட்டில் குழாய்க்கு வேலை தரவில்லை. இரண்டாவதில் குழாயைக் கம்பி மேல் விட்டேன். முன்வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, "ஏய்! ஏய்!" என்று கத்தினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாக நினைவில்லை. மூன்று விரல் சண்டை போட, ஒன்று அழ, மொத்த மேடும் ஆடியது.

நடுவில் மைக்கைப் பிடித்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான்.

"அறுபத்து மூணாம் வருஷம் ரோஸ்டேல்ல ஒரு போட்டி. ஜெயிச்சது நான். நடுவர் எங்க சித்தப்பா. நல்லா வாசிச்ச ஆள் அதோ அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்காரு."

லெமுவேல் கையைப் பிடித்து அவனை மேடைக்குக் கூட்டி வந்தான். அவனைப் பார்த்ததும் கூட்டம் போட்ட கூச்சல் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. என் தோளைத் தொட்டுத் தேடிப் பக்கத்தில் வந்து நின்றான். மைக்கில் சொன்னான்: "இருபத்தஞ்சு வருஷத்துக்கு அந்தப் பன்னி எத்தனை குட்டி போட்டிருக்கும்! எல்லாத்தையும் இவளே தின்னுட்டா!"

பிறகு இருவரும் வாசித்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திருவிழாக்காரர்கள் இரண்டு தடவை கை காட்டினார்கள். கவனிக்காத மாதிரி இருந்தோம். ஹோசியாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இறங்கியதும் ரெனெட்டா என் முட்டியில் தைலத்தைத் தேய்த்துவிட்டாள். "அடுத்தது எந்த ஊரும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 21, 1989 – செவ்வாய்

அயோவா. ஏழு வாரத்தில் இது பதினோராவது ஊர். இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம், ஓரத்தில் உருகாத பனி. முன் சீட்டு இப்போது ஹோசியாவுடையது. பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறதாம். சுத்தப் பொய்.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டே வருகிறான்: "வெளிய என்ன இருக்கு?" நானும் சொல்லிக்கொண்டே வருகிறேன். சிவப்புக் களஞ்சியம் ஒன்று. தண்ணீர்த் தொட்டி. ஒரு வெள்ளைக் குதிரை, அதன் மேல் யாரோ போர்வை போர்த்தியிருக்கிறார்கள்.

"போர்வை என்ன கலரு?"

"நீலம். கட்டம் போட்டது."

"இப்படி ஒரு ஆள் பக்கத்துல இருந்தா போதும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

அதற்குள் குதிரை பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்து, அது தலையைத் தூக்கி எங்களையே பார்ப்பதையும் சொன்னேன்.