வரலாற்றுத் துறைக்கு மூன்று ஓலை

அன்புள்ள எஸ்தர், என் அக்கா பெற்ற ஒரே தங்கமே,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். கணினிப் படிப்புக்குப் பிள்ளைகள் கூட்டமாக ஓடும், உன் வரலாற்றுத் துறை வாசலில் ஈ கூட உட்காராது, கடைசியில் அந்த வகுப்பறையையும் கேட்பார்கள் என்று கல்லூரிப் பேருந்தை ஓட்டிக்கொண்டே சொன்னேன். நீ முன் இருக்கையில் விடைத்தாள் திருத்தியபடி "உம்" என்றாய். எட்டாம் வகுப்போடு நின்றவன் சொல்வதைப் பேராசிரியை எங்கே கேட்கப்போகிறாள்?

நீ இல்லாத காலத்துச் செய்தி சொல்கிறேன். கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்துவிட்டது. தரம் பார்க்க வந்த குழு நல்ல மதிப்பெண் போட்டது. முதல்வரின் உழைப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். மதுரையிலிருந்து அவர்களை ஏற்றி வந்தவன் நான். நடுவழியில் ஒரு மயில் குறுக்கே வந்தபோது, எவர் கையிலும் தேநீர் சிந்தாமல் வண்டியை நிறுத்தினேன். குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, "இனி கல்லூரியைப் பார்க்கவே தேவையில்லை" என்றார். தெலுங்கில்தான் சொன்னார். எனக்கு விளங்கியது.

புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது, மின்தூக்கியோடு. செயற்கை நுண்ணறிவு என்று ஒரு படிப்பு வந்திருக்கிறது. அதற்கு இடம் கேட்டு வந்த பெற்றோர் வரிசை வாசலைத் தாண்டி, துறைமுகச் சாலை வரைக்கும் நின்றது. தமிழ் இலக்கியம் ஒற்றைக் காலில் நிற்கிறது. உன் வரலாறு படுத்தேவிட்டது.

உன்னை அடக்கம் செய்த மறுநாளே வண்டி எடுத்தேன். விடுப்புப் போடச் சொன்னார்கள். போட்டு வீட்டில் இருந்து என்ன செய்ய? திரேஸ்புரம் வளைவில் பிள்ளைகள் வழக்கம்போல மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. கருவாடும் இல்லை, டீசலும் இல்லை. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அழுகை வரும் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். இது என்ன விதமான துக்கம் எஸ்தர்? நீ படித்தவள், இதற்கு ஒரு பேர் வைத்திருப்பாயா?

சரி, துறைக்கு வருகிறேன். வருஷா வருஷம் நீ ஏமாந்த இடம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் உன் பேச்சில் மயங்கி, வரலாற்றுக்கு வருகிறோம் என்று வாக்குக் கொடுப்பார்கள். கல்லூரி திறக்குமுன் வணிகவியலுக்குத் தாவிவிடுவார்கள். ஒரு தகப்பன், இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உன்னிடம் மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா? "துறைமுகத்துல எந்நேரமும் கப்பல் வருது, போவுது. எதுக்கு வருது, எங்கிருந்து வருதுன்னு கேக்க ஒரு ஆளு வேண்டாமா அண்ணாச்சி?" என்றாய். அவர் மகனை வேறு கல்லூரிக்குக் கூட்டிப்போனார்.

இந்த முறை வாக்கை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று யோசித்தேன். உனக்குத் தெரியாததா? கலியாணம் பேசி முடித்த பெண், மாப்பிள்ளை பேரை நம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலையாக வாசிப்பார்கள். வாசித்த பிறகு பின்வாங்கினால் குடும்பத்துக்கே தலைகுனிவு. நீ போகுமுன் வரலாற்றுக்கு வருகிறோம் என்று உன்னிடம் வாக்குக் கொடுத்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகளின் பேரோடு உபதேசியாரிடம் போனேன்.

"என்ன அண்ணாச்சி, படிப்புக்கெல்லாமா ஓலை வாசிப்பாவ?"

"கலியாணம் நின்னு போனா ஊரு கேக்கும். படிப்பு நின்னு போனா எவன் கேக்கான்? வாசியும்வே."

குருவானவர் சிரித்தார், தடுக்கவில்லை. அறிவிப்பு நேரத்தில் உபதேசியார் அதே கலியாணக் குரலில், "இவர்கள் வரலாற்றுத் துறையில் சேர இசைந்திருக்கிறார்கள், இது முதலாம் ஓலை" என்று வாசித்தார். வாய்ப் பழக்கத்தில், "தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்பதையும் சேர்த்துவிட்டார். கோயிலே குலுங்கியது. பலிபீடத்து மெழுகுவர்த்தி கூட அணைந்தது என்றால் பார்த்துக்கொள்.

இதில் ஒரு வம்பு வந்தது. பலசரக்குக் கடை பாக்கியம் அந்த ஞாயிறுகளில் சாத்தான்குளத்தில் தங்கை பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். ஊர் திரும்பினால், அவள் மகள் ஷைனிக்கு மூன்று ஓலையும் முடிந்தது என்கிறார்கள். நேரே வந்து என் பேருந்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"யாரைக் கேட்டு எம் மவளுக்கு ஓலை வாசிச்சிய அண்ணாச்சி? மாப்பிள்ளை எந்த ஊரு?"

"மாப்பிள்ளை இல்ல ஏளா, வரலாறு."

"எவனா இருந்தா என்ன? அவன் அப்பன் யாரு?"

வண்டிக்குள் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் பாக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டருக்குல்லா சேக்கணும்னு இருந்தேன்."

"சேத்துக்கோ. நான் என்ன கையப் பிடிச்சா இழுக்கேன்?"

"அது எப்படி? மூணு ஓலை வாசிச்ச பெறவு மாத்தினா, நாளைக்கு இவளுக்கு நெசமான ஓலை வாசிக்கையில ஊரு சிரிக்காதா? உம்ம வாய்ல மண்ணைப் போட!" என்று திட்டிவிட்டு வழிவிட்டாள். ஷைனி உன் துறையில் சேர்ந்தாள். பேர் வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர் கூடத் தாவவில்லை.

கதை கல்லூரிக்குப் போய், தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "ஆனா அண்ணாச்சி, ஒரு வகுப்பு நடத்த இந்தப் பிள்ளைங்க போதாது. இவங்களை வேற துறைக்கு மாத்திட்டு, அறையைக் கணினிக்குக் கொடுக்கப்போறோம்."

முதல்வரும் பக்கத்தில் தலை குனிந்து இருந்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை எஸ்தர். ஆள் இல்லாத வகுப்பை எவ்வளவு காலம் சுமப்பார்கள்?

நான் சொன்னேன்: "எஸ்தரு கடைசியா எங்கிட்ட சொன்னது ஒண்ணு உண்டு ஐயா. ஒரு பிள்ளை வந்தாலும் கதவைத் திறந்து வைங்க மாமான்னா."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வருஷம் பார்ப்போம், வகுப்பு நிறையாவிட்டால் அடுத்த வருஷம் மூடிவிடுவோம் என்றார். இப்போது வகுப்பு நடக்கிறது. ஓர் இளம் ஆசிரியை எடுக்கிறாள். அறை வாசலுக்கு மேலே உன் பேரும், உன் கடைசி வார்த்தையும் நீல நிறத்தில் எழுதியிருக்கிறார்கள். ஷைனி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். "எஸ்தர் சித்தி எவ்வளவு அழகா சொல்லியிருக்காவ" என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தாள்.

அந்த வாசல் பக்கம் நான் போவதில்லை.

ஏனென்றால் நீ அதைச் சொல்லவில்லை. இந்த மயிலும் மெழுகுவர்த்தியும் கிடக்கட்டும், அவை என் வழக்கமான அளப்பு. இது வேறு. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். பயத்தில் பேசினேன். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று, கல்லூரிக் கதையெல்லாம் அளந்தேன். நீ கண்ணைத் திறந்து, "மாமா, கொஞ்சம் பேசாம இரிங்களேன்" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் நீயும் பேசவில்லை.

தாளாளர் இதைப் படித்தால் படிக்கட்டும். அடுத்த வருஷம் அந்த வகுப்பை ஊர் ஊராக அலைந்து நிறைப்பேன். புன்னைக்காயல் வரைக்கும் போவேன். என் வாயால் கேட்பேன், என் பேரில் கேட்பேன். உன் வாயில் இன்னொரு சொல்லை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ சொன்ன பிறகும் பேசிக்கொண்டிருக்கிற,
உன் தாய்மாமன்