எனக்கு 97 பேர், அவளுக்கு 312

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக்கில் இன்று இருபத்திரண்டு பேர். பல் பிடுங்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் முகத்தைச் சுளிக்கிறார்கள். நான் கவுண்டரில் பெயர் பதிகிறவள். குறடு என் கையிலா இருக்கிறது?

வரும் வழியில் புந்தோங் மார்க்கெட்டில் சரளா. கோவில் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்ஸ்லா வெண்டி, என் முட்டிவலிய ஞாபகம் வச்சு மெசேஜ்ல கேட்டியே!" நான் எப்போது கேட்டேன்? சிரித்து வைத்தேன். அவளுக்கு முட்டிவலி என்பதே எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 10, புதன்

மனசு கேட்காமல் சரளா வீட்டுக்குப் போய் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். என் பெயரில் எவளோ இன்னொரு அக்கவுண்ட் வைத்திருக்கிறாள். வெண்டி கேப்ரியல். படம் என்னுடையது, போன கிறிஸ்துமஸுக்குக் கட்டிய ரோஸ் சேலை. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி இருக்கிறாள். என் மற்ற படங்களையும் எடுத்துப் போட்டிருக்கிறாள். நண்பர்கள் 312 பேர்.

எனக்கு 97.

முதலில் வந்தது பயம் இல்லை. இதை நான் ஒருத்திதானே படிக்கப்போகிறேன், உண்மையையே எழுதுகிறேன். வயிறு எரிந்தது. காலையில் எல்லாருக்கும் ஒரு வேத வசனம், 'பசியாறிட்டீங்களா' என்று ஒரு விசாரிப்பு. பசியாறிட்டீங்களா என்று கேட்கிறாள் என்றால் நம் ஊர்க்காரியாகத்தான் இருக்கவேண்டும். பதினாறு வருடமாகப் பாடற்குழுவில் நிற்கிறேன், என் பிறந்தநாளுக்கு நாலு பேர் வாழ்த்தினார்கள். அவள் போட்ட ஒரு செம்பருத்திப் பூவுக்கு நூற்றைம்பது லைக்.

என் வீட்டுக்காரர் கேப்ரியல் ஸ்கூல் பஸ்ஸைக் கழுவிக்கொண்டே சிரிக்கிறார். "ஒரு வெண்டியவே சமாளிக்க முடியல, இன்னொண்ணாலா?" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளையாடாத. பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் கொடு" என்றார். போலீஸ் ஸ்டேஷன் எங்கே ஓடிப்போகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உடையப்பன் அண்ணன், இத்தனை வருடத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசாதவர், "இப்பதான்மா நீ நல்லா பழகுற" என்றார். நான் பழகவில்லை அண்ணே, வேறு எவளோ பழகுகிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவளுடைய நண்பர் பட்டியலை முழுக்க இறக்கிப் பார்த்தேன்.

டோரிஸ் இருக்கிறாள்.

என் சொந்த அக்கா. தாப்பாவில் இருக்கிறாள், இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. நாலு வருடமாகப் பேச்சில்லை. என் அக்கவுண்டில் அவள் கிடையாது. அந்தத் திருடியிடம் இருக்கிறாள். அம்மாவின் படத்தை, நான் ஸ்கேன் பண்ணிப் போட்ட படத்தை, அந்தத் திருடி மறுபடி போட்டிருக்கிறாள். அதன் கீழே டோரிஸ் எழுதியிருக்கிறாள்: 'என் தங்கச்சி. கடவுள் கண்ணத் திறந்துட்டாரு.'

என் தங்கச்சியாம்!

செப்டம்பர் 15, திங்கள்

டோரிஸுக்குப் போன் செய்து சொல்லவேண்டும். ஒரு நிமிஷ வேலை.

செய்யவில்லை. ஏன்? இன்னும் என்ன எழுதுகிறாள் பார்க்கலாம் என்றுதான். அந்தத் திருடிக்கு இதயம் இதயமாக அனுப்புகிறாள். எனக்கு ஒரு ஹலோ கிடையாது.

கல் விஷயத்தை இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுதமாட்டேன். அம்மா இறந்து முதல் கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டு, தாப்பா கல்லறைக்குப் போனேன். புதுசாகப் பளிங்குக் கல் நட்டிருந்தது. 'அன்புடன் மகள் டோரிஸ், மருமகன் யேசுதாசன்.' அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரே மகள் போல. நான் மெழுகுவத்தியைக்கூட ஏற்றாமல் திரும்பி வந்தேன். அதிலிருந்து நான் போவது நவம்பர் மூன்று. அவள் வைத்த பூ வாடிக்கிடக்கும், அதை எடுத்துப் போட்டுவிட்டு என்னுடையதை வைப்பேன்.

போன வருடம் யேசுதாசன் அத்தான் தவறினபோதும் டோரிஸ் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

என் அக்கவுண்டில் எழுதினேன்: 'இன்னொரு வெண்டி போலி. தயவுசெய்து ரிப்போர்ட் செய்யுங்கள்.'

அவளும் அதையே எழுதினாள். வார்த்தை மாறாமல். முந்நூறு பேர் பக்கம் நியாயமா, தொண்ணூற்றேழு பேர் பக்கமா? சாயங்காலம் என் அக்கவுண்டைப் பூட்டிவிட்டார்கள். போலியாம். நான்!

செப்டம்பர் 20, சனி

சரளா அழுதுகொண்டே வந்தாள். 'என் போன் ரிப்பேர், உன் நம்பருக்கு ஆறு எண் வரும், அனுப்பு' என்று அந்த வெண்டி கேட்டிருக்கிறாள். இவள் அனுப்பியிருக்கிறாள். அதோடு சரளாவின் வாட்ஸ்அப் கையைவிட்டுப் போயிற்று. இப்போது அவள் பெயரில் அவள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 'அவசரம்' என்று மெசேஜ் போகிறதாம்.

"நீதானேன்னு நெனச்சேன். நீ கேட்டா கொடுக்காம இருப்பேனா?" என்றாள்.

முட்டிவலி விசாரிப்பு எதற்கென்று இப்போது புரிகிறது. அடுத்தது யார்? டோரிஸ். தனியாக இருக்கிறாள். அத்தானின் சேமநிதிப் பணம் வந்திருக்கும். பத்து நாளாக எனக்குத் தெரியும். பத்து நாளாக நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

லீவு போட்டுப் பாலாய்க்குப் போனேன். ஒரு மலாய்க்காரக் கோப்ரல், சின்ன வயசு, நிதானமாக எழுதினாள். போனில் படம் பிடித்து வைத்த எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். பத்தாம் தேதி என்றேன். "கெனாப்பா லாம்பாட், காக்?" ஏன் இவ்வளவு தாமதம்? மலாயில் பொறாமைக்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வேலை அதிகம் என்றேன்.

உங்கள் விவரமெல்லாம் அவளுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பர்ன்லீ தோட்டத்துப் பிள்ளைகள் குரூப். தோட்டம் போய் இருபத்தைந்து வருடம், செம்பனைக் காடும் தாமான் வீடுகளுமாக ஆகிவிட்டது. அங்கே பிறந்தவர்கள் மட்டும் சேரலாம் என்பதால் சேருகிறவர்கள் பிறப்புப் பத்திரத்தைப் படம் எடுத்துப் போடவேண்டும். பிறந்த இடம் 'லாடாங் பர்ன்லீ' என்று இருக்கும் பாருங்கள், அதற்கு அப்படி ஒரு மரியாதை. எல்லாரும் விரலால் எண்ணை மறைத்துத்தான் எடுத்தார்கள். டோரிஸும். அவள் பத்திரத்துக்கு நூற்று நாற்பது லைக். நானும் மெர்டேக்கா, சுதந்திர நாள் அன்று போட்டேன். விரல் வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று மறைக்காமல் போட்டேன். பற்றாததற்கு ஐசி அடையாள அட்டை, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, அம்மாவின் படம் பன்னிரண்டு. டோரிஸைவிட அதிகம் லைக் வரவேண்டும் என்று. முப்பத்தொன்று வந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், வேறென்ன.

அங்கிருந்து நேராகப் போன் கம்பெனி. என் பெயரில் இரண்டு நம்பர் இருக்கிறதாம். ஒன்றுதான் என்னுடையது. மற்றதை ரிப்போர்ட்டைக் காட்டி வெட்டச் சொன்னேன். பிறகு பேங்க். என் கணக்கைக் கவனிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஐசி நகல் கேட்டார்கள். கோப்ரல் சொல்லிக் கொடுத்தபடி, எதற்காகக் கொடுக்கிறேன் என்று அதன் மேலேயே எழுதி, குறுக்கே இரண்டு கோடு போட்டுத்தான் கொடுத்தேன். பாஸ்வேர்டெல்லாம் மாற்றியாயிற்று.

கிளம்பும்போது கோப்ரல் சொன்னது: முதலில் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்கள் உண்டா?

ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டோரிஸை மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்தத் திருடி சொல்லி வைத்திருப்பாள், 'என் பழைய நம்பரிலிருந்து வந்தால் எடுக்காதீங்க, அது திருடன்' என்று.

செப்டம்பர் 25, வியாழன்

தாப்பா போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 27, சனி

கேப்ரியல் காலையிலேயே காரை எடுத்துவிட்டார். "நீ ஏறலன்னா நானே போய் சொல்லிட்டு வாரேன்" என்றார். ஏறிவிட்டேன்.

டோரிஸ் பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுக் கடை போடுகிறாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைக்கவில்லை.

"அக்கா, போன்ல பேசுறது நான் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"ரெண்டாம் நாளே. 'அக்கா பசியாறிட்டீங்களா'ன்னு கேட்டுச்சு. நீ பொறந்ததுலேர்ந்து என்கிட்ட என்னிக்குலா அதக் கேட்டிருக்கே?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேப்ரியல் காரில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"தெரிஞ்சுமா பேசினே? அந்தத் திருடிகிட்டயா?"

"அதுவாச்சும் கேட்டுச்சுல்ல" என்றாள். "கோட் நம்பரு கேட்டப்பல்லாம் தப்பு தப்பா போட்டு விட்டேன். பாவம், அதுவும் சலிக்காம கேட்டுச்சு."

"நான் கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

"நீன்னு தெரிஞ்சுதான் எடுக்கல."

எனக்கு அப்போதும் என்ன வந்தது தெரியுமா? அக்கா பிழைத்தாள் என்ற நிம்மதி இல்லை. அந்தத் திருடியிடம் எத்தனை நாள் பேசினாய், என்னவெல்லாம் பேசினாய், அதுதான். வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். டோரிஸ் போனை என் மடியில் போட்டுவிட்டு சம்பல் கிண்டப் போனாள்.

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். இருபத்திரண்டு நாள் பேச்சு. எல்லாம் எனக்குச் சொல்லவேண்டியது. அத்தான் போன அன்று கேட்டுக்கு வெளியே என் குடையைப் பார்த்தாளாம், உள்ளே வருவேன் என்று ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாளாம். அப்புறம் இது:

'கல்லுல உன் பேரையும் போடச் சொல்லி இவரு சொன்னாரு. நாந்தான் போடல. அம்மா கடைசி மூணு மாசமும் வெண்டி வந்துட்டாளா, வெண்டி வந்துட்டாளான்னே கேட்டுச்சு. பக்கத்துல படுத்துக் கெடந்தது நானு. ஒரு நாளு என் பேரச் சொல்லல. அந்த எரிச்சல்லதான் செஞ்சேன்.'

அதற்கு அந்தத் திருடியின் பதில்: 'பரவாயில்லை அக்கா. கடவுள் இருக்கிறார். அந்தக் கோட் வந்ததா?'

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, அது அழுகையாகிப் போயிற்று. அம்மா என்னையா கேட்டாள்? இத்தனை வருடம் அம்மாவுக்கு டோரிஸ் என்றால்தான் உயிர் என்று நான் நினைத்துக் கிடந்தேனே. அவளும் என்னைப் பார்த்து வயிறெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாளா?

டோரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது இரண்டு பொட்டலத்தைக் கேப்ரியல் கையில்தான் கொடுத்தாள், என்னிடம் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

டோரிஸும் தாப்பா பாலாயில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டாளாம். மொத்தப் பேச்சையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கேப்ரியலிடம் போன் செய்து சொன்னாள். கேப்ரியலிடம்.

அக்டோபர் 6, திங்கள்

அந்த அக்கவுண்ட் போய்விட்டது. யார் என்று இன்னும் தெரியவில்லை, நம்பர் வைத்துத் தேடுகிறார்களாம். என்னுடையது திரும்பக் கிடைத்தது. 97 இப்போது 95.

அக்டோபர் 12, ஞாயிறு

சரளாவிடம் முட்டிவலி எப்படி என்று கேட்டேன். ஒரு அடி பின்னால் போனாள். "நீதானாலா?" என்றாள். பிறகு இடது கால்தான் மோசம் என்று பத்து நிமிஷம் சொன்னாள். கேட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

டோரிஸுக்கு 'பசியாறிட்டியா' என்று மூன்று தடவை டைப் செய்தேன், மூன்று தடவையும் அழித்தேன். எப்படி அனுப்புவது? அனுப்பினால் போலி என்று நினைப்பாள். அனுப்பாவிட்டால்தான் நான் என்று நம்புவாள். என்ன பிறப்புடா இது!

நவம்பர் 2, ஞாயிறு

கேப்ரியலிடம் இன்றைக்கே போகலாம் என்றேன். நாளைக்குத்தானே போவோம் என்று அவர் கேட்கவில்லை, சாவியை எடுத்தார்.

தாப்பா கல்லறையில் நல்ல கூட்டம். டோரிஸ் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுசாக எதுவும் வெட்டியிருக்கவில்லை, அதே இரண்டு பெயர்தான். அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது, அது எங்கே போகும். பக்கத்தில் போய் நின்றேன். நிமிரவில்லை.

வழியெல்லாம் என்னென்னமோ பேச யோசித்து வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான்.

"பசியாறிட்டியா?"

தேய்க்கிற கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருலா நீ?"

"வெண்டி."

"வெண்டி கேக்க மாட்டாளே."

"கேக்குறாள்ல."

பிரஷ்ஷை என் கையில் திணித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளி நின்று இடம் விட்டாள்.

"இல்லலா," என்றாள். "இன்னும் பசியாறல."