பேர் வைக்காத பாப்பா

தை 5, வெள்ளி

பனி. விடிந்தும் எதிர்வீடு தெரியவில்லை. வாசலில் செருப்பு குறைவு. போன வருஷம் மனு கொண்டுவந்தவர்களின் செருப்பை மிதிக்காமல் தெருவில் இறங்க முடியாது. இன்று இரண்டே ஜோடி. அதில் ஒன்று என்னுடையது.

தணிகாசலம் இருட்டோடு பட்டணம் போய்விட்டான். என் அக்கா மகன், இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. தலைவர் வீட்டு வாசலில் நிற்கப் போயிருக்கிறான். வருகிற எலெக்சனுக்கு மறுபடி சீட்டு உண்டா, இல்லையா. வீட்டில் வேறு பேச்சே இல்லை. பாடி கம்பெனியில் லேத் வேலையை விட்டுவிட்டுத்தான் போன தடவை நின்றான். சீட்டு போனால் திரும்பிப் போக லேத்தும் கிடையாது.

வாங்க வேண்டியது: மூக்குப்பொடி, சீமெண்ணெய், பூனைக்குக் கருவாட்டுத் தலை.

பூனைக்கு நான் வைத்த பேர் 'ஆவன செய்யப்படும்'. அண்ணனூருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்று சட்டசபையில் தணிகாசலம் கேட்டதற்கு வந்த பதில் அது. பூனையும் அப்படியே. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வராது. அவன் பெண்டாட்டி சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

தை 8, திங்கள்

பனி குறைவு. முட்டி வலி அதிகம்.

அண்ணனூர் ஏழுமலை வந்தான். தணிகாசலத்தோடு லேத் ஓட்டியவன். போன எலெக்சனில் போஸ்டர் ஒட்ட அவனும் நானும்தான் பசை வாளி தூக்கினோம். அவன் மகளுக்கு இன்னும் பேர் இல்லை. கட்சிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கட்சிப் பெரிய மனுஷன் கையால்தான் பேர் வைக்க வேண்டும். அதுவரை வெறும் பாப்பா. பிறந்த வாரமே வருகிறேன் என்றான் தணிகாசலம். அப்புறம் மழை, மாநாடு, பட்டணம். பாப்பா தவழ்ந்தாயிற்று, நடந்தாயிற்று, இப்போது கோழி துரத்துகிறது.

கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்குள் வந்துவிடுவான், கவலைப்படாதே என்றேன். ஏழுமலை தரையையே பார்த்தான்.

"தெருவே சிரிக்குது நைனா. ஊட்டுக்காரி தண்ணி புடிக்கப் போவ மாட்டேன்னு அழுதுகினு கீறா. ஒரே ஒரு தபா வரச் சொல்லு."

சாயங்காலம் தணிகாசலத்திடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில்.

"லிஸ்ட்டு வந்துரட்டும் மாமா. சீட்டோட போயி பேரு வச்சா அவங்களுக்கும் பெருமை."

நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது. சரோஜா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

தை 12, வெள்ளி

பொடி வாங்கப் போனேன். டீக்கடையில் ஒருத்தன் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான். அதிலேயே தெரிந்துவிட்டது.

சீட்டு நசரத்பேட்டை செங்கல் சூளைக்காரருக்கு. போன தடவை எதிர்க்கட்சிக்கு ஓட்டு கேட்டு ஜீப்பில் வந்தவர்.

தணிகாசலம் மத்தியானமே வீடு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன் துண்டைக்கூட எடுக்கவில்லை. பேர் அச்சடித்த லெட்டர் தாள் ஒரு கட்டு மிச்சம். சரோஜாவுக்கு மளிகைச் சாமான் எழுத ஆகும் என்றேன். நீயே எழுதிக்கோ மாமா என்றான். இதை எழுதுவது அதன் பின்பக்கத்தில்தான்.

சரோஜா சோறு போட்டாள். யாரும் சாப்பிடவில்லை. பூனை சாப்பிட்டது.

தை 14, ஞாயிறு

நல்ல வெயில். அவனே கிளப்பினான். பாப்பாவுக்குப் பேர் வைத்துவிட்டு வரலாம், சொன்ன சொல் ஒன்றாவது மிஞ்சட்டும் என்றான். சலவை வேட்டி. பாப்பாவுக்குப் பச்சை கவுன், மிட்டாய்.

கார் இல்லை, மின்சார ரயில். கும்பல். ஒருத்தரும் எழுந்து இடம் தரவில்லை. இங்கேயும் உனக்கு சீட்டு இல்லையாடா என்றேன். சிரித்துவிட்டான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

ஏழுமலை தெருவில் வாழைமரம், பந்தல், மைக் செட். தணிகாசலம் துண்டைச் சரி செய்துகொண்டான். தனக்கென்று நினைத்துவிட்டான். நானும்தான்.

ஏழுமலை ஓடிவந்து பந்தலுக்கு வெளியிலேயே மறித்தான்.

"நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே மச்சான். சாயங்காலம் சூளைக்காரரு ஓட்டு கேக்க வர்றாரு. அவரு கையாலயே வச்சிரலாம்னு தெருவுல பேசிட்டாங்கோ. எனக்கும் வேற வழி தெரியல."

தணிகாசலம் அவன் தோளில் கை வைத்தான். "தப்பில்லடா. அவரே வைக்கட்டும்."

பாப்பாவைத் தூக்கப் போனான். அது அம்மா புடவைக்குள் முகம் புதைத்துக்கொண்டது. கவுனையும் மிட்டாயையும் ஏழுமலை கையில் கொடுத்தான். பந்தலுக்குள் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அண்ணனூர் பிளாட்பாரத்தில் கேட்டேன், என்ன பேர் வைப்பதாக இருந்தாய் என்று.

"அம்மா பேரு."

என் அக்கா. இவன் ஜெயித்ததைப் பார்க்காமலே போனவள்.

தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தான்.

"எதனா கிண்டல் பண்ணு மாமா."

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

வண்டி வந்தது. காலி வண்டி. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம்.