டெர்வ்லாவின் சுவருக்குப் பின்னால்

நவம்பர் 9, சனி

அப்பாவோடு வேலை செய்யும் கெவினுக்குக் கை ஒடிந்துவிட்டதால் இன்று நான் போனேன். என் வகுப்புத் தோழி டெர்வ்லாவின் வீடு. பழைய கல் புகைபோக்கி, உள்ளே சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது. அதற்குள் நெளிந்து வளையும் எஃகுக் குழாய் ஒன்றை உச்சியிலிருந்து இறக்கி, கீழே புது இரும்பு அடுப்போடு பொருத்தவேண்டும். புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், கல் இடுக்கில் கசியாது.

காலையில் அப்பா சிரித்தபடிதான் இருந்தார். "கரி எரிக்கிறவனுக்கு ஒரு குழாய், டர்ஃப் எரிக்கிறவனுக்கு ஒரு குழாய். டர்ஃப் புகை எஃகையே தின்னுடும் கண்ணு. பார்த்துத்தான் எடுக்கணும்." டெர்வ்லா வீட்டில் எரிப்பது டர்ஃப், சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி; அதற்கேற்றதைப் பார்த்துத்தான் எடுத்தார். குழாயில் குறையே இல்லை.

வழக்கமாக முதலில் கயிற்றில் ஒரு கட்டைப் பந்தைக் கட்டி இறக்கிப் பார்ப்பார், எங்காவது தட்டுகிறதா என்று. இன்று மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. "வேணாம், நேரா இறக்கிடலாம்" என்றார். அவர் கூரையில். நான் கீழே, குழாய் முனையில் கட்டிய கயிற்றை இழுக்கிறேன். பாதிக்கு மேல் வந்ததும், டெர்வ்லாவின் அறைக்குப் பின்னால் புகைபோக்கி வளைகிற இடத்தில், குழாய் நின்றுவிட்டது.

"இழு ஃபிடெல்மா! தொங்கு!"

தொங்கினேன். துணி கிழிவதுபோல ஒரு சத்தம். அப்புறம் சுலபமாக வந்துவிட்டது.

டார்ச் அடித்து மேலே பார்த்தேன். வளைவில் குழாயின் அடுக்கு பிரிந்து, இடைவெளியில் கல் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று வேனில் வரும்போது அப்பா சொன்னது: "யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் சரி பண்ணிடறேன்."

நவம்பர் 12, செவ்வாய்

எப்போது சரி பண்ணுவார்? கேட்டேன்.

"சுவரை உடைச்சுத்தான் கழட்டணும், வாளித் தணல் அதுவரைக்கும் தாங்காது. நெருப்பு அணைஞ்சாதானே முடியும்? யூனன் கடல்ல இருக்கான். அவன் வர்ற வரைக்கும் ரோஷீன் அணைக்கமாட்டா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். டெர்வ்லாவின் அப்பா யூனன் மீன்பிடிக்கப் படகேறிவிட்டால் திரும்பும்வரை அந்த வீட்டு நெருப்பு அணையக்கூடாது; அணைந்தால் அவர் உயிருக்கு ஆபத்து என்பது அவள் அம்மா ரோஷீன் ஆன்ட்டியின் நம்பிக்கை. இராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் கிளறி, புது டர்ஃப் கட்டி வைப்பார்கள். டெர்வ்லா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். குழாய் இறக்கிய அன்றுகூடத் தணலை வாளியில் எடுத்து வைத்திருந்து, புது அடுப்பில் கொட்டினார்கள்.

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்கப்பா."

போன வருடம் அப்பா வேலை செய்த ஒரு வீட்டுப் புகைபோக்கி பற்றி எரிந்தது. அப்பா மேல் தப்பில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. ரோஷீன் ஆன்ட்டிதான் முதலில் கூப்பிட்டார்.

"நம்பிக் கூப்பிட்டவ கிட்டப் போய் என்னன்னு சொல்லச் சொல்றே?" என்றார். வேனில் கருவிகளை அடுக்கப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

நவம்பர் 14, வியாழன்

டெர்வ்லாவுக்குத் தலைவலி. கணக்கு வகுப்பில் மேசைமேல் படுத்துவிட்டாள். "கணக்கைப் பார்த்தாலே எனக்கும் அப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அவள் கட்டிலின் தலைமாடு, குழாய் கிழிந்த அந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

அறிவியல் புத்தகத்தில் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. தலை வலிக்கும், வாந்தி வரும், பிறகு தூக்கத்திலேயே உயிர் போகும். காற்று போதாமல் எரிந்தால் அதிகம் வரும்.

முன்பு அது திறந்த அடுப்பு. இப்போது மூடிய இரும்புப் பெட்டி. ஆனால் அவர்கள் பழைய மாதிரியே சாம்பல் போட்டு மூடி, காற்றுக் கதவையும் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். விடிய விடிய அது காற்றில்லாமல் புகைந்துகொண்டிருக்கும்.

அலாரம் இருக்கிறது. அந்த வாயு கசிந்தால் கத்தும்; அப்பாவே மாட்டினார். அலாரம் இருக்கிறது, அலாரம் இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

அலாரம் இல்லை.

டெர்வ்லா சாதாரணமாகச் சொன்னாள்: "அது சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சுடீ. அம்மா பேட்டரியைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டா. உங்கப்பா மட்டமான அலாரம் வாங்கிட்டார்னு சிரிச்சா."

வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்குப் போறேன்."

நவம்பர் 19, செவ்வாய்

போகவில்லை. வேனைக் கிளப்பினார், வாசல் வரை போனார், திரும்பி வந்துவிட்டார். இப்போது கீழே நடந்துகொண்டிருக்கிறார். வெளியே புயல். போர்வைக்குள் எழுதுகிறேன். டெர்வ்லா இந்நேரம் தூங்கியிருப்பாள். கடவுளே, அவள் ஜன்னலாவது திறந்திருக்கவேண்டும். இந்தப் புயலில் யார் திறப்பார்கள்?

நவம்பர் 20, புதன்

டெர்வ்லா பள்ளிக்கு வரவில்லை.

மணி அடித்ததும் அவள் வீட்டுக்கு ஓடினேன். டெர்வ்லா நாற்காலியில் சுருண்டிருந்தாள். அவள் தம்பி டோனல் அடுப்புப் பக்கத்தில் தூங்கி வழிந்தான். அவனுக்குக் காலையிலிருந்து இரண்டு தரம் வாந்தியாம்.

"ஊரெல்லாம் ஃப்ளூ. நீ கிட்டப் போகாதே பொண்ணே" என்றார் ரோஷீன் ஆன்ட்டி.

"நெருப்பை அணைச்சிடுங்க ஆன்ட்டி."

அவர் முகம் மாறியது. "யூனன் இந்தப் புயல்ல நடுக்கடல்ல இருக்கார். அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள்ள சொல்லாதே."

டோனலை உலுக்கினேன். கண்ணைத் திறக்கவில்லை. கதவருகே தண்ணீர் வாளி இருந்தது. நான் யோசிக்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து முழுவதையும் கொட்டினேன். ஆவி, சாம்பல், அடுப்புக் கதவின் கண்ணாடி விரிசல்விட்ட சத்தம். ஆன்ட்டி அலறிய அலறல் இன்னும் காதில் கேட்கிறது. என்னை அறைந்தார். "என் புருஷனைக் கொன்னுட்டியேடி!"

"குழாய் கிழிஞ்சிருக்கு! அப்பாவுக்குத் தெரியும்! எனக்கும் தெரியும்! டோனலை வெளியே தூக்குங்க!"

தூக்கினார். மழையில், முற்றத்தில், கொஞ்சநேரம் கழித்து அவன் அழுதான்.

நவம்பர் 21, வியாழன்

மூவரும் ஆஸ்பத்திரியில். பிராணவாயு கொடுக்கிறார்கள், பிழைத்துவிடுவார்களாம். ஆனால் யூனனின் படகிலிருந்து நேற்று மாலைமுதல் தகவல் இல்லை. கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அது வெறும் நெருப்பு என்று எனக்குத் தெரியும். தெரியும். ஆனாலும் நான் அணைத்த பிறகுதான் படகு பேசவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், ரோஷீன் ஆன்ட்டியின் கட்டில் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னாராம்.

நவம்பர் 22, வெள்ளி

தகவல் இல்லை.

நவம்பர் 23, சனி

ஆன்ட்டி சாவியைக் கொடுத்தனுப்பினார். அப்பா டெர்வ்லாவின் அறைச் சுவரை உடைத்து, வளைவைத் திறந்தார். உள்ளே ஒரு கல் கத்திபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் செதுக்கினார். கட்டைப் பந்தைக் கயிற்றில் இறக்கினார். மறுபடியும் இறக்கினார். அப்புறம்தான் புதுக் குழாய். பழையது எங்கள் முற்றத்தில் கிடக்கிறது. கிழிசலுக்குள் என் முஷ்டி போகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரோஷீன் ஆன்ட்டி எங்கள் வாசலில் நின்றார், கையில் இரும்பு வாளி. பின்னால் டெர்வ்லா, என்னைப் பார்க்காமல்.

"படகு கில்லிபெக்ஸ் துறைமுகத்துக்கு வந்துடுச்சு. ரேடியோவைக் காத்து பிச்சு எடுத்துடுச்சாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார்" என்றார். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. வாளியை என்னிடம் நீட்டினார். "அவர் வரும்போது வீட்ல நெருப்பு இருக்கணும். அணைச்சவதானே நீ, நீயே கொண்டு வா."

எங்கள் அடுப்பிலிருந்து தணல் அள்ளிக்கொண்டு வயலுக்குள் இறங்கினேன். காற்று பலமாக வீசியது. பாதி வழியில் டெர்வ்லா காற்று வரும் பக்கமாக வந்து, வாளிக்கு மறைவாகத் தன் கோட்டை விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"மெதுவா போடீ," என்றாள். "அணைச்சுடப் போறே."