நாலாவது குட்டிக்கு ரயில் சத்தம்

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு நலம். போனில் என்னுடைய ‘ம்’ கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, இனி எழுதினால்தான் பதில் என்று நீ சொல்லிவிட்டாய். அதனால் ரிப்பேருக்கு வந்த மிக்சிகளை ஓரங்கட்டிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மகாராணி போட்ட நாய்க்குட்டிகள் நாலும் என் செருப்பைத் தின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. மூன்றுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஒன்று வக்கீல் வீட்டுக்கு, ஒன்று மாவு மில்காரர் வீட்டுக்கு, ஒன்று பாட்டு டீச்சர் வீட்டுக்கு. பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று, போகிற வீட்டை வைத்தே கூப்பிடுகிறேன். “டேய் வக்கீலு, டீச்சரக் கடிக்காதடா” என்று நான் அதட்டியபோது வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நாய் டாக்டரம்மா ஒன்று சொன்னார்: “போற வீட்டு சத்தம் முன்னாடியே பழகிட்டா பயம் பாதி போயிடும். ஒரேயடியா கொண்டுபோய் விட்டுடாதீங்க. மொதல்ல கொஞ்ச நேரம் விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க. போனதும் யாரும் தூக்கிவச்சுக் கொஞ்சக் கூடாது. தண்ணி இருக்கற எடத்தக் காட்டிட்டு சும்மா விட்டுடணும்.” உடனே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, உங்கள் வீட்டில் என்ன சத்தம் வரும் என்று கேட்டேன். வக்கீல், “யாருங்க புகார் குடுத்தது?” என்கிறார்.

குட்டிகளுக்கு அடுப்படியை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. அதனால் தண்ணீர்ப் பானை முதல் எல்லாமே இடம் மாறிவிட்டன.

கடைசியாக ஒன்று. உன் அறையில் என்னென்ன சத்தம் கேட்கும்? விவரமாக எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணமானதிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு தேறாது. செருப்பு போனால் போகட்டும், எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை.

என் அறையின் சத்தம் உங்களுக்கு எதற்கு என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். அறை ஸ்டேஷனுக்குப் பின்புறம். ரயில் வந்தால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். மாடிப்படி இரும்பு, பூனை ஏறினாலும் தெரியும். கீழே வீட்டு ஓனரம்மா செடிகளைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். அப்புறம் நான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் நாள் முழுக்க “மூச்ச இழுத்துப் புடிங்க” என்று சொல்லிவிட்டு வந்து, பேச ஆளில்லாமல் ஒரு பெருமூச்சு விடுவேன். அதுவும் சத்தத்தில் சேர்த்தியா?

நாலாவது குட்டி யாருக்கு என்று நீங்கள் எழுதவே இல்லை. பானையை எங்கே தூக்கி வைத்தீர்கள் என்றும் சொல்லவில்லை. என் வீட்டை இங்கிருந்தே கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருவேன், இப்போது அடுப்படியிலேயே இடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே ரூம்காரி


ஜூன் 14

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே ஒரே குளறுபடி. அடையாளத்துக்காகக் குட்டிகளின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தேன். குளிப்பாட்டும்போது நனைந்துவிடுமே என்று நாலையும் கழற்றி வைத்தேன். துவட்டி விட்டுப் பார்த்தால் நாலும் ஒரே அச்சு. எது வக்கீல், எது டீச்சர்? மகாராணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

கடைசியில் அவரவர் வீட்டுக்கென்று நான் பழக்கிவந்த சத்தம்தான் கைகொடுத்தது. மிக்சியைப் போட்டதும் ஒன்று குறட்டை விட்டது, அது மில்லு. ரேடியோவில் பாட்டு வைத்ததும் ஒன்று கூடவே ஊளையிட்டது, அது டீச்சர். அழைப்பு மணியை அடித்ததும் ஒன்று கதவுக்கு ஓடியது, வக்கீல் வீட்டுக்குக் கட்சிக்காரர்கள் வந்தபடியே இருப்பார்களாம். நாலாவதற்கு நான் தனியாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கிரைண்டர் மோட்டாரைத் தகரப் பெட்டியின் மேல் வைத்து ஓட்டினால் அசல் ரயில்தான். முதலில் என் வேட்டிக்குள் புகுந்தது. இப்போது பெட்டியை ஒட்டியே தூங்குகிறது.

இரும்புப் படியில் இடைவெளி இருக்கிறதா, குட்டியின் கால் சிக்குமா? ஓனரம்மா நாய்க்கு ஒத்துக்கொள்வாரா? உடனே எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 18

வீட்டுக்காரருக்கு,

ஆக, நாலாவது எனக்கு. நான் இங்கேயே இருக்கப் போகிறேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்.

மாற்றல் கேட்கட்டுமா என்று உங்களிடம்தான் முதலில் கேட்டேன். ‘ம்’ என்றீர்கள். உத்தரவு வந்ததும் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தீர்கள். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டீர்கள். சாவி தொலையாமல் இருக்க நூல் கட்டிக் கொடுத்தீர்கள். போகாதே என்று ஒரு வார்த்தை வராதா என்று பஸ் கிளம்பும்வரை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஜன்னல் பக்கமா ஒக்காரு, காத்து வரும்” என்றீர்கள். அனுப்பி வைப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எனக்கு இது கோபமா அழுகையா என்றே தெரியவில்லை. நாம் சண்டை போட்டோமா? இல்லை. நீங்கள் என்னை ஒரு சொல் சுடச் சொன்னதுண்டா? அதுவும் இல்லை. பிறகு நான் எதற்கு இங்கே ஒற்றை ஆளாய்ச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்? நிஜமாகவே கேட்கிறேன், தெரிந்தால் சொல்லுங்கள்.

குட்டி வேண்டாம். அனுப்பாதீர்கள்.


ஜூன் 26

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றுகிறது.

வக்கீலும் மில்லும் டீச்சரும் போய்விட்டார்கள். மகாராணி படுத்த கோணியிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கூடவே கொடுத்தேன், அம்மா வாசனை இருக்கட்டும் என்று. அவள் அறை அறையாகத் தேடினாள், கட்டிலுக்கு அடியில்கூட. நீ ஊருக்குக் கிளம்பிப் போனபோதும் உன்னை இப்படித்தான் தேடினாள். உன்னிடம் சொல்லவில்லை. நானும் தேடினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பூட்டு வாங்கியது நீ போக வேண்டும் என்பதற்காக இல்லை. உன் பெட்டியை யாரும் திறந்துவிடக் கூடாதே என்றுதான். எனக்கு ரிப்பேர் ஒன்றுதான் தெரியும். கவலை வந்தால் கையில் கிடைப்பதற்கு எண்ணெய் போடுவேன். நீ ஆசைப்பட்டுத்தான் மாற்றல் கேட்கிறாய், குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நான் தடுக்க வேண்டும் என்றுதான் கேட்டாயா? அப்படியானால் நான் எவ்வளவு பெரிய மடையன். இல்லையென்றால் இப்போது எழுதுவது மடத்தனம். எது என்று எனக்குப் புரியவில்லை.

முதல் கடிதத்தில் ‘எப்போது வருவாய்’ என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். பேனா அங்கே போகவில்லை. மூன்று வீட்டில் கேட்ட கேள்வியையே உன்னிடமும் கேட்டுவைத்தேன். நீ வராவிட்டாலும் இந்த வீட்டு உயிர் ஒன்று உன்னோடு இருக்கட்டும் என்று பிறகு தோன்றியது. குட்டி இப்போது ரயில் சத்தம் இல்லாமல் தூங்க மறுக்கிறது. அதற்காக மோட்டாரை ஓட்டுகிறேன். உன் ஜன்னல் ஆடுகிற சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று நானும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வந்துவிடு. இஷ்டமில்லை என்றால் அதையாவது எழுது. ‘ம்’ என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 2

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் தாளை எடுத்தேன். பாவம் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் தடுக்க வேண்டும் என்று கேட்டேனா, போக வேண்டும் என்று கேட்டேனா? இரண்டும்தான் போலிருக்கிறது. திரும்பி வந்தால் பழையபடி மிக்சிக்கும் மௌனத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இங்கே ரயில் சத்தம் பழகிவிட்டது, அது இன்னும் பயமாக இருக்கிறது.

அதனால் டாக்டரம்மா சொன்னபடியே செய்வோம். ஒரேயடியாக வேண்டாம். சனிக்கிழமை காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறேன். அடுத்த முறை ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறேன். குட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மோட்டாரை நிறுத்திவிடுங்கள். அது நம் வீட்டுச் சத்தத்திலேயே தூங்கப் பழகட்டும்.

நான் வரும்போது பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். எதற்கும் எண்ணெய் போடாதீர்கள். திரும்பிப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கவே கேட்காதீர்கள். பானை எங்கே என்று கேட்டிருந்தேன், இன்றுவரை பதிலில்லை. வந்ததும் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு என்னைச் சும்மா விட்டுவிடுங்கள். ஆனால் பக்கத்திலேயே இருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி