இரண்டு கார்டுகள்

மார்ச் 5
கிரெடிட் கார்டு பில்லுக்குக் காசோலை எழுதி, மாலை மூன்று ஐம்பதுக்கு வங்கிப் பெட்டியில் போட்டேன். கெடு இன்றுதான். முப்பத்தாறு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன். நேரத்துக்கு முன்னால் ஒரு வண்டிக்கும் பச்சைக்கொடி காட்டியதில்லை. பில்லும் அப்படித்தான்.

மார்ச் 11
மகள் கண்ணாடிக்கடை போடுகிறாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குக் கடன். கூட்டுக் கையெழுத்து என்னுடையது. வங்கிப் பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மி. கடன் கிடைக்காது."
ஏன் என்றுகூடக் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றியாம்!
கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஆகஸ்ட் முடியுமுன் திறக்காவிட்டால் அதுவும் போகும். கூட வந்த மகள் வழி நெடுக இயந்திர விலைப்பட்டியலை மடித்து மடித்துப் பிரித்தாள்.

மார்ச் 14
ஸ்கோர் அறிக்கையை அச்செடுத்து, அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்தேன். இருபத்தொன்பது மாதம் — ஒவ்வொன்றிலும் "தாமதம்". நானா? தாமதமா?
வங்கி வாசல்வரை இருமுறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போய்க் கேட்டேவிட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள்.
"சார், பெட்டிய மூணு மணிக்கே எடுத்துடுவாங்க. அப்புறம் போட்டா மறுநாள் கணக்குதான்."
வீட்டில் சொன்னேன். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "கார்டே கார்டைக் கவுத்துட்டாரு!"

மார்ச் 28
ஏப்ரல் பில்லை எட்டு நாள் முன்னதாகக் கட்டினேன். சலவை இயந்திரத் தவணை மிச்சத்தையும் சேர்த்துத் தீர்த்தாயிற்று. சிக்னல் விழுமுன்னே வண்டியை விட்டமாதிரி இருந்தது.

மே 4
ஸ்கோர் பதினொரு புள்ளி ஏறியிருக்கிறது.
"பரீட்சை எழுதின புள்ளை மாதிரி தினம் பாக்காதீங்க" என்கிறாள் மனைவி. தினமெல்லாம் இல்லை. திங்கட்கிழமை மட்டும், பத்தேகாலுக்கு.

ஜூன் 8
ஏறவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

ஜூலை 27
"சார், பாஸ்!" என்றாள் வங்கிப் பெண். கடன் கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன், மகள் முந்திக்கொண்டாள். "இருங்கப்பா, இந்த வாட்டி நான் சொல்றேன்."

ஆகஸ்ட் 19
கடை திறப்பு பத்து மணிக்கு. ஒன்பதேகாலுக்கே போய் நின்றேன். ஷட்டர் பூட்டிக் கிடந்தது. சாவியோடு வந்த மகள் என்னையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.
"என்னப்பா, உங்க வாட்ச் ஓடலியா?"
ஓடுகிறது என்றேன்.
உள்ளே எல்லாம் துடைத்து அடுக்கியாயிற்று. பைக்குள் என் பழைய பச்சைக்கொடி. காட்டலாமா, தெருவே சிரிக்குமா என்று கொஞ்சம் யோசித்தேன்.
காட்டிவிட்டேன். ஒன்பது ஐம்பத்திரண்டு.